கீழ்க்கட்டளையிலிருந்து ஒரு சாட்சி

1

நான் குடியிருக்கும் ஜெர்மனியின் இந்தச் சின்ன ஊரில் மதியம் ஒரு மணியிலிருந்து மூன்று மணி வரை மிக்ஸி போடக் கூடாது. தாம்பரத்தில் யாரிடம் சொன்னாலும் நான் அளந்து விடுகிறேன் என்றுதான் நினைக்கிறார்கள். எங்கள் அடுக்குமாடியின் படிக்கட்டுப் பக்கம் இந்த விதிகளையெல்லாம் அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். மதிய அமைதி நேரம் என்று அதற்குப் பெயர். ஞாயிற்றுக்கிழமை என்றால் நாள் முழுக்கவே அமைதி. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, காலி பாட்டிலைத் தெருமுனைத் தொட்டியில் போடக் கூடாது, சத்தம் வருகிற மாதிரி எதையும் ஆரம்பிக்கவே கூடாது.

வந்த புதிதில் இது தெரியாமல் ஒரு புதன்கிழமை மதியம் தேங்காய்ச் சட்னி அரைத்துவிட்டேன். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து கதவைத் தட்டினார். திட்டவில்லை. தன் கைக்கடிகாரத்தை என் முகத்துக்கு நேராகக் காட்டினார், ஒரு முறை தலையை ஆட்டினார், இறங்கிப் போய்விட்டார். எனக்கு அவமானத்தைவிடச் சிரிப்புதான் அதிகம் வந்தது. கீழ்க்கட்டளையில் என் அண்ணன் முருகேசன் இதே மாதிரிதான் கடிகாரத்தைக் காட்டுவார். புதன்கிழமை பன்னிரண்டிலிருந்து ஒன்றரை ராகு காலம் அல்லவா?

ராகு காலத்திலிருந்து விடுதலை வாங்கிக்கொண்டு விமானம் ஏறியவள் நான். இங்கே வந்தால் ஏழு நாளும் ஒரே நேரத்துக்கு, அதுவும் இரண்டு மணி நேரத்துக்கு, சட்டம் போட்டு மாட்டி வைத்திருக்கிறார்கள். அன்று சட்னியைக் கையால் நசுக்கி முடித்தேன். நன்றாக இல்லை.

2

இதை இப்போது எழுதக் காரணம் ஆன்யா. நான் நர்ஸாக வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் என்னோடு ஒரே வார்டில் இருப்பவள். அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு நான் ஞானத்தாயாக நிற்க வேண்டும் என்று கேட்டாள். நான் அழுதேவிட்டேன். பதினைந்து வருடமாக இந்த ஊரில் என்னை எல்லாரும் மரியாதையாகத்தான் நடத்துகிறார்கள், ஆனால் தங்கள் வீட்டுக் காரியத்தில் முன்னால் வந்து நில் என்று ஒருவரும் சொன்னதில்லை. ஆன்யா பயந்துபோய், கஷ்டமென்றால் வேண்டாம் என்றாள். ஜெர்மானியர்களிடம் அழும்போது என்ன அழுகை என்று முதலிலேயே அறிவித்துவிட வேண்டும்.

சபை அலுவலகத்துக்குப் போனேன். ஞாயிறு தோறும் நான் உட்காரும் அதே சபைதான். நம் பக்கத்தில் பாட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு நாலு வாரம் வந்தாலே சபையார் ஆகிவிடலாம். இங்கே அப்படி இல்லை. அலுவலகத்தில் இருந்த அம்மையார் கணினியில் தேடிவிட்டு, நான் அங்கத்தினர் இல்லை என்றார். ஞானஸ்நானம் பெற்ற சான்று இருக்கிறதா என்று கேட்டார். நான்தான் சான்று, உங்கள் முன்னால் நிற்கிறேனே என்றேன். அவர் சிரிக்கவில்லை.

என்னை முழுக்கிய பாஸ்டர் தாம்பரத்தில் ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில் சபை நடத்தியவர். காகிதம் கொடுக்கும் வழக்கமே அவருக்கு இல்லை. பேர் பரலோகத்தில் எழுதியாச்சு, இங்கே எதுக்கு இன்னொரு எழுத்து என்பார். அவர் கர்த்தருக்குள் நித்திரை அடைந்து பல வருடமாகிறது. அந்த மாடியில் இப்போது உடற்பயிற்சிக் கூடம். இதையெல்லாம் என் ஜெர்மன் மொழியில் விளக்கி, கடைசியாக, என் பெயர் பரலோகத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்று முடித்தேன். அந்த அம்மையார் கொஞ்சம் யோசித்துவிட்டு, அங்கிருந்து ஒரு நகல் வாங்க முடியுமா என்று கேட்டார்.

விஷயம் போதகரிடம் போனது. எங்கள் போதகர் ஒரு பெண்மணி, பெர்கர் அம்மையார். அவர் நல்ல வழி ஒன்று சொன்னார். காகிதம் இல்லாவிட்டால் நேரில் பார்த்த ஒருவர் சாட்சி சொன்னால் போதும், வீடியோ அழைப்பில் வந்தாலும் சரி என்றார். சாட்சி கிறிஸ்தவராக இருக்க வேண்டுமா என்று கேட்டேன்.

"பார்த்திருந்தால் போதும். நம்பியிருக்க வேண்டும் என்று அவசியமில்லை," என்றார்.

சாட்சி கிடைக்காவிட்டால் தானே எனக்கு ஞானஸ்நானம் கொடுப்பதாகவும் சொன்னார். அன்பாகத்தான் சொன்னார். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. இன்னொரு முறை எடுப்பதென்றால், அந்த முதல் நாள் நடக்கவே இல்லை என்று நானே ஒப்புக்கொள்வதுபோல் ஆகிவிடும். என் வாழ்க்கையில் எதை வேண்டுமானாலும் விட்டுக்கொடுப்பேன், அந்த ஒரு நாளைக் கொடுக்க மாட்டேன்.

3

அந்த நாள் ஏன் அவ்வளவு பெரியது என்று சொல்ல வேண்டும்.

நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அப்பா இறந்தார். மாரடைப்பு. காரியம் முடிந்த வீட்டில், கூடத்தில் உட்கார்ந்திருந்த அத்தை, பெண்ணின் ஜாதகம் அப்படி, பிறந்த நேரம் அப்பனுக்கு ஆகாது என்று அப்போதே சொன்னார்கள் என்றார். நான் சமையலறையில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன். யாரும் அத்தையை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அத்தை மோசமானவர் இல்லை. துக்கத்தில் யார் மேலாவது போட வேண்டியிருந்தது, போட்டுவிட்டார். காபி குடித்துவிட்டு ஊருக்குக் கிளம்பினார். அந்த வாக்கியம் மட்டும் என்னிடம் தங்கிவிட்டது.

அதற்குப் பிறகு நான் நாட்காட்டியைப் பார்க்காமல் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. ராகு காலம், எமகண்டம், குளிகை எல்லாம் வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம். எத்தனையோ பேர் நாள் பார்க்கிறார்கள், பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள். என் அண்ணனே அப்படித்தான். எனக்கு அது நிம்மதி தரவில்லை, பயத்தைத்தான் வளர்த்தது. நான் தொட்டால் யாருக்காவது ஏதாவது ஆகிவிடும் என்று நம்பினேன். தாம்பரத்தில் நர்ஸிங் படிப்பில் சேர்ந்தபோது ஒரு வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ஊசி போடச் சொன்னார்கள். ஊசியை வைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஹெட் நர்ஸ் வந்து, பேஷன்ட்டுக்குக் காய்ச்சல் பன்னிரண்டு மணி வரைக்கும் வெயிட் பண்ணுமா என்று எல்லார் முன்னாலும் கேட்டார்.

ஹாஸ்டல் தோழி ஒருத்தி என்னை அந்த ஹார்டுவேர் கடை மாடிக்கு அழைத்துப் போனாள். பக்தியால் போகவில்லை. ஜெபம் முடிந்ததும் சமோசாவும் டீயும் தருவார்கள் என்று சொன்னாள். ஹாஸ்டல் சாப்பாடு அந்த லட்சணம்.

அங்கே எல்லாரும் ஒரே நேரத்தில், சத்தமாக, அவரவர் ஜெபத்தை அவரவர் செய்தார்கள். சந்தைக் கூச்சல் தோற்றுவிடும். முதல் நாள் சிரிப்பை அடக்க முடியவில்லை. மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ, அந்த இரைச்சலில் ஒன்று புரிந்தது: இங்கே நான் என்ன சொன்னாலும் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காது. வருடக்கணக்காக வாயில் வராத வாக்கியத்தைச் சத்தமாகவே சொல்லிவிட்டேன். "எங்கப்பா என்னாலதான் செத்தாரா?"

வானத்திலிருந்து குரல் எதுவும் வரவில்லை. அழுது முடித்துக் கண்ணைத் திறந்தபோது மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, எனக்கு நன்றாகப் பசித்தது, உள்ளே அந்தப் பயம் இருந்த இடத்தில் பயம் இல்லை. கேட்க வேண்டியவர் கேட்டுவிட்டார், இல்லை என்றும் சொல்லிவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. அன்று நாலு சமோசா சாப்பிட்டேன்.

பயம் போனாலும் பழக்கம் உடனே போகவில்லை. புது வருடத்துக்குக் கீழே ஹார்டுவேர் கடையில் ஒரு தினசரி நாட்காட்டி கொடுத்தார்கள். அட்டையில் ஆட்டுக்குட்டியைத் தூக்கிய இயேசு. தாள் கட்டு அச்சகத்தில் எல்லாருக்கும் போடுகிற அதே கட்டு. அதனால் மேலே இயேசு, கீழே ராகு காலம். அதை ஹாஸ்டல் அறையில் மாட்டி வைத்து, தினமும் மேலே மட்டும் பார்க்கப் பழகினேன்.

4

ஞானஸ்நானம் கோவளம் கடற்கரையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. அம்மா அழுதார். சொந்தக்காரர்கள் எல்லாம், தங்கச்சியைப் பார்த்துக்கத் தெரியலையே என்று அண்ணனைத்தான் கேட்டார்கள். வரமாட்டேன் என்று மட்டும் சொல்லியிருந்தார்.

பழைய வேன் ஒன்றில் கிழக்குத் தாம்பரத்திலிருந்து பாட்டு பாடிக்கொண்டே கிளம்பினோம். என்னை அழைத்து வந்த தோழி டியூட்டியில் மாட்டிக்கொண்டாள். மேடவாக்கம் தாண்டியதும் பின் கண்ணாடி வழியாகத் தற்செயலாகப் பார்த்தேன். அண்ணனின் மொபெட். வேன் புகையைத் தின்றுகொண்டே, கைப்பிடியில் ஒரு துண்டைத் தொங்கவிட்டுக்கொண்டு, முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு வந்தார். எனக்கு நீச்சல் தெரியாது. அதற்காகத்தான் வந்திருப்பார் என்று நினைத்தேன்.

கடற்கரையில் ஐந்து பேர் வரிசையாக நின்றோம். நான் கடைசி. நகையெல்லாம் கழற்றி, வெள்ளைச் சேலை கட்டி நின்றேன். ஓர் ஆளை முழுக்குவதற்கு முன்னால் பாட்டு, ஜெபம், சின்னதாக ஒரு பிரசங்கம். அப்போது அண்ணன் பாஸ்டரிடம் போய் ஏதோ பேசுவதைத் தூரத்திலிருந்து பார்த்தேன். சண்டைதான் என்று நினைத்தேன். பாஸ்டர் தலையை ஆட்டினார். பிறகு வரிசையைப் பார்த்து, சிஸ்டர் ஜெயந்தி முதலில் வரட்டும் என்றார்.

அந்த ஒரு வரி என் வாழ்க்கையையே தூக்கி நிறுத்தியது. கடைசியில் நின்றவளைக் கர்த்தர் முதலில் அழைத்தார். ஆகாதவள் என்று ஒதுக்கப்பட்டவளை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். இதை நான் சபையில் சாட்சியாகச் சொல்லியிருக்கிறேன். பிறகு அதே சபைக்கு வந்து என்னைக் கட்டிக்கொண்ட சாமுவேலிடம், கல்யாணத்துக்கு முன்னாலேயே சொல்லியிருக்கிறேன். இங்கே ஜெர்மனியில் தமிழர் ஜெபக் கூட்டத்தில் சொன்னபோது இரண்டு பெண்கள் தேம்பித் தேம்பி அழுதார்கள். நானும் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் தொண்டை அடைத்து நிறுத்துவேன். நன்றாகவே நிறுத்துவேன்.

ஆனால் சாட்சியில் நான் சொல்லாமல் விட்ட ஒரு விஷயம் உண்டு. தண்ணீருக்குள்ளிருந்து எழுந்து, கண்ணைத் துடைத்துக் கரையைப் பார்த்தபோது அண்ணன் இல்லை. என் செருப்பின் மேல் துண்டு மடித்து வைக்கப்பட்டிருந்தது. மொபெட்டும் இல்லை. நான் முழுகுவதைப் பார்க்கப் பிடிக்காமல் போய்விட்டார் என்று முடிவு செய்துகொண்டேன்.

அவர் என்னை ஒதுக்கவில்லை. அடுத்த வாரமே ஹாஸ்டலுக்கு முறுக்கு வாங்கிக்கொண்டு வந்தார். எல்லாம் பேசினார், இதைத் தவிர. இன்று வரைக்கும் அப்படித்தான். ஞாயிறு காலை போன் செய்வார், கொஞ்ச நேரம் பேசிவிட்டு, சரி, நீ வெளிய போவணும்ல என்று வைத்துவிடுவார். சர்ச் என்ற சொல் அவர் வாயில் வராது. நானும் சொல்ல மாட்டேன். ஆக, இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக நான் ஞாயிறு தோறும் வெளியே போய்க்கொண்டிருக்கிறேன்.

அன்று வேனில் வந்தவர்களோடு தொடர்பு விட்டுப்போய் வருடக்கணக்காகிறது. உலகத்தில் எனக்கு இருக்கும் ஒரே சாட்சி இவர்தான். அவர் பார்த்தாரா என்பதே எனக்குத் தெரியாது.

5

இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன். கடைசியில் ஒரு மாலை போன் செய்து, மழை, மின்சாரம், பள்ளிக்கரணையில் புதிதாக வந்திருக்கும் பாலம் எல்லாம் பேசி முடித்து, இனி பேச ஒன்றுமில்லை என்றான பிறகு, அன்னிக்குக் கோவளத்துல என்று ஆரம்பித்தேன். அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். ஆன்யா, குழந்தை, காகிதம், நீ பார்த்தாய் என்று சொல்ல வேண்டும்.

"நான் பாக்கலன்னு சொன்னா இன்னா ஆவும்?" என்றார்.

"நான் எடுக்காத மாதிரி ஆயிடும்ணா."

"திரும்ப எடுத்துக்க வேண்டியதுதான?"

"அது வேணாம்ணா. எனக்கு அன்னிக்கு எடுத்ததுதான் வேணும்."

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். நான் தூங்கவில்லை. என்னிடம் விடுதலை இருக்கிறது, பயமில்லை என்றெல்லாம் ஊரெல்லாம் சாட்சி சொன்னவள், அண்ணன் ஒரு வார்த்தையில் என்ன சொல்லிவிடுவாரோ என்று கைப்பேசியைப் பார்த்து நடுங்கிக்கொண்டிருந்தேன். என் பெண் ரூத் இதைக் கவனித்தாள். பதினான்கு வயது. தமிழ் புரியும், பேசுவதற்குச் சோம்பல். ஞாயிறு காலை சர்ச்சுக்கு எழுப்பினால், நீதானே விடுதலை விடுதலை என்று சொல்கிறாய், அதில் தூக்கம் சேராதா என்று ஜெர்மன் மொழியில் கேட்பாள். நான் போர்வையை இழுப்பேன்.

நாலாம் நாள் அண்ணன் போன் செய்தார். "என்னிக்கி, எத்தினி மணிக்கு?" என்று மட்டும் கேட்டார்.

பெர்கர் அம்மையார் புதன்கிழமை காலை எட்டரை என்றார். நம் ஊரில் அப்போது பன்னிரண்டு. அண்ணன், அன்றைக்கு அந்த நேரம் ஒரு ஒயரிங் வேலை இருக்கிறது, உன் ஊர் நேரம் பத்தரை ஆக்கச் சொல் என்றார். ஒயரிங் வேலை என்ன வேலை என்று எனக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டு பத்தரை ஆக்கினேன்.

6

புதன்கிழமை போதகரின் அறையில் ரூத் மடிக்கணினியைத் திறந்து வைத்தாள். அவளுக்கு அன்று பள்ளி விடுமுறை. தொழில்நுட்ப உதவிக்கு என்று கூட்டிப் போயிருந்தேன். திரையில் அண்ணன் வந்தார். தன் எலக்ட்ரிக்கல் கடையில், சுருள் சுருளாக ஒயர் தொங்கும் சுவருக்கு முன்னால், இஸ்திரி போட்ட சட்டையும் பளிச்சென்ற விபூதியுமாக உட்கார்ந்திருந்தார். குட் மார்னிங் மேடம் என்றார். எழுந்து நின்று சொன்னதால் கொஞ்ச நேரம் சட்டைப் பொத்தான்தான் தெரிந்தது.

பெர்கர் அம்மையார் கேட்பதை நான் தமிழில் சொல்ல வேண்டும், அண்ணன் சொல்வதை ஜெர்மன் மொழியில் சொல்ல வேண்டும். பெயர், உறவு எல்லாம் ஆனது. தங்கள் தங்கை ஞானஸ்நானம் பெறுவதை நேரில் பார்த்தீர்களா என்று கேட்டார். நான் தமிழில் சொல்லிவிட்டு மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பாத்தேன்," என்றார் அண்ணன். "கோவளம் பீச்சுல. ஞாயித்துக்கெழம. கரெக்டா நாலு இருபத்தெட்டு."

அதை அப்படியே ஜெர்மன் மொழியில் சொன்னேன். பெர்கர் அம்மையார் பேனாவை நிறுத்தி நிமிர்ந்தார். எந்த வருடம் என்றே சரியாகச் சொல்லத் தெரியாத சாட்சிகளைத்தான் அவர் பார்த்திருக்கிறாராம். இவ்வளவு துல்லியமாக எப்படி நினைவிருக்கிறது என்று கேட்டார்.

அண்ணன் காதைச் சொறிந்தார். "நாலரைக்கி ராகு காலம் ஆரம்பிச்சிடும்மா. வாட்ச்சையே பாத்துகினுதான் நின்னுகினு இருந்தேன். நீ வேற கடசியா நிக்கிற. ஒவ்வொருத்தருக்கும் அந்தாளு பாட்டு பாடிகினு கீறாரு. உன் முறை வர்றதுக்குள்ள அஞ்சாயிடும். அதான் அவராண்ட போயி, என் தங்கச்சிக்கு ஆறு மணிக்கு ஆஸ்பத்திரில டூட்டி கீது, மொதல்ல வுட்ருங்கன்னு சொன்னேன்."

நான் மொழிபெயர்க்கவில்லை. என்னால் முடியவில்லை. கடைசியில் நின்றவளை முதலில் அழைத்தது யார் என்று இத்தனை வருடம் ஊரெல்லாம் சொல்லி, தொண்டை அடைத்து, இரண்டு பெண்களை அழவும் வைத்திருக்கிறேன். என்ன சொன்னார் என்று பெர்கர் அம்மையார் கேட்டார். ரூத் சும்மா இருப்பாளா? ஒரு சொல் விடாமல், ரொம்பச் சந்தோஷமாக, சுத்தமான ஜெர்மன் மொழியில் சொல்லிவிட்டாள். தமிழ் தெரியாது என்று சாதிக்கிற பெண்.

ராகு காலம் என்றால் என்ன என்று பெர்கர் அம்மையார் கேட்டார். கிரகம், பாம்பு, நிழல் என்று ஆரம்பித்து ஜெர்மன் மொழியில் சேற்றில் சிக்கினேன். பிறகு சட்டென்று ஒன்று தோன்றியது. உங்கள் மதிய அமைதி நேரம் மாதிரிதான், அதில் சத்தம் கூடாது, இதில் எதையும் ஆரம்பிக்கக் கூடாது என்றேன். ஆ, என்று தலையை ஆட்டினார். முழுக்கப் புரிந்துவிட்டது. விதி இருக்கிறது, மதித்திருக்கிறார் என்பதுபோல அண்ணனை மரியாதையோடு பார்த்தார்.

எந்த வார்த்தைகளைச் சொல்லி முழுக்கினார்கள் என்பது அடுத்த கேள்வி. அது சரியாக இருந்தால்தான் ஞானஸ்நானம் செல்லுமாம்.

"அப்பா பேரு, புள்ள பேரு, அப்புறம் ஆவின்னாரு," என்றார் அண்ணன். "அதக் கேட்டுத்தான் எனக்குப் பக்குன்னு ஆயிடிச்சி. மத்தபடி ஒழுங்காத்தான் செஞ்சாரு."

செல்லும் என்று பெர்கர் அம்மையார் குறித்துக்கொண்டார். வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறாரா என்று வழக்கமான கடைசிக் கேள்வியைக் கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்வார் என்று நினைத்து நான் பையை எடுத்தேன்.

அண்ணன் கேமராவைப் பார்க்காமல், பக்கவாட்டில் எதையோ பார்த்துக்கொண்டு பேசினார்.

"அப்பா போனப்ப அத்தை சொன்னது என் காதுலயும் வுழுந்துச்சி, ஜெயா. நீ உள்ள இருந்தது தெரியும். எனக்குக் கேக்கத் தெரியல. அன்னிலேருந்து நீ சிரிச்சு நான் பாத்ததே இல்ல. அதான் கெட்ட நேரத்துல எறங்கி உனக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, மறுபடியும் எவனாவது உன் ஜாதகத்த இழுப்பான்னு எனக்குப் பயம். தண்ணிலேருந்து எழுந்த பாரு, மூக்குல வாயில எல்லாம் உப்புத் தண்ணி. இருமிகினே சிரிச்ச. சரி, இது போதும்னு வண்டிய எடுத்துகினு வந்துட்டேன். அங்க நின்னா அழுதுடுவேன்." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "இதையும் எழுதிக்கச் சொல்லு."

ரூத் என்னைப் பார்த்தாள். இந்த முறை அவள் முந்திக்கொள்ளவில்லை. நான்தான் சொன்னேன், திக்கித் திக்கி, இலக்கணமெல்லாம் உடைந்து. பெர்கர் அம்மையார் முழுவதையும் எழுதினார். அந்தச் சான்றில் அப்படி ஒரு பகுதிக்கு இடமே இல்லை; ஓரத்தில், பொடி எழுத்தில், காகிதத்தைத் திருப்பித் திருப்பி எழுதினார்.

மனப்பாடமாக இருந்த வாய்ப்பாடு பாதி மறந்துபோயிருந்தது; திரையை அணைக்கும் முன் அண்ணனிடம் கேட்டேன். நாலரைக்கு முன்னால் என்றால் அது எந்த நேரம்ணா?

"குளிகை," என்றார். "குளிகைல செஞ்சது திரும்பத் திரும்ப நடக்கும். அதான் இப்ப இந்தக் கொழந்தைக்கு நீ நிக்கிற."

7

என் சாட்சியை இனி எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். முதலில் என்னை அழைத்தவர் கர்த்தர்தான் என்பதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகமில்லை. அழைப்பதற்கு அவர் என் அண்ணனையும், ஒரு பொய்யையும், ஹார்டுவேர் கடை நாட்காட்டியின் கீழ்ப்பகுதியையும் பயன்படுத்தியிருக்கிறார், அவ்வளவுதான். நான் மேலே மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பயத்திலிருந்து நான் கரையேறி வந்த அன்று, என் பங்குப் பயத்தையும் சேர்த்து ஒருவர் கரையில் நின்று பட்டுக்கொண்டிருந்தார். அதை நான் ஒரு முறைகூடக் கேட்டதில்லை.

போன ஞாயிறு ஆன்யாவின் குழந்தைக்கு ஞானஸ்நானம். பட்டுச் சேலை கட்டிக்கொண்டிருந்தேன். ரூத், எழுப்பாமலே எழுந்து, குழந்தையைப் பார்க்கத்தான் வருகிறேன், வேறெதற்கும் இல்லை என்று அறிவித்துவிட்டுத் தலை வாரிக்கொண்டிருந்தாள். வழக்கமான நேரத்துக்கு அண்ணன் போன் செய்தார். வழக்கம்போல மழை, மின்சாரம். நானும் வழக்கம்போல, சரிண்ணா, வெளிய கெளம்பணும் என்றேன்.

"வெளிய இன்னா வெளிய?" என்றார் அண்ணன். "சர்ச்சுக்கு டைம் ஆவுது, கெளம்பு. பன்னெண்டுக்கு எமகண்டம், அதுக்குள்ள முடிச்சிடச் சொல்லு."